குக்கியும் இசைவும்

அஸ்தினாபுரத்துச் சிறுகடைகளும் இக்காலத்து இணையத்தளம் வைத்தல் கூடும். அதனைத் திறப்போரின் கருவியில் ‘குக்கி’ என்னுஞ் சிறுகுறிப்பொன்று பதிந்து, மறுமுறை வருங்கால் அவரை அடையாளங் காட்டும். கூடையிலிட்ட பண்டத்தை நினைவில் வைத்தல் தீதன்று. அவர் செல்லுமிடமெல்லாம் தொடர்ந்து விளம்பரக்காரர்க்கு உரைத்தலே ஆராயற்பாலது.

அந்தரங்கம் அடிப்படை உரிமையென உச்சநீதிமன்ற நீதிபதிகள் ஒன்பதின்மர் 2017-இல் தீர்ப்பளித்தனர். 2023-ஆம் ஆண்டுச் சட்டம் குக்கியைப் பெயர் சுட்டிற்றிலது; ஆயினும் ஆளை அடையாளங் காட்டுந் தரவு அதனுள் அடங்கும். அதன்படி, இசைவு கட்டாயமின்றி, நோக்கமறிந்து, தெளிவான செய்கையால் தரப்படல் வேண்டும். அறிவிப்பைத் தமிழிற் படிக்கவும் வழி வேண்டுமென்பது நமக்கு உவகை. அளித்தல் எத்துணை எளிதோ, அத்துணை எளிதாய் மீட்டலும் இயலவேண்டும். ‘ஏற்கிறேன்’ என்பதைப் பெரிதாக்கி ‘மறுக்கிறேன்’ என்பதை ஒளிப்போர்க்கு இது கசக்கும் போலும்! விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. இசைவுபற்றிய கடமைகட்கு 18 திங்கள் தவணை அளிக்கப்பட்டது.