ஒரு தொட்டி கசிந்தால்...

அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில், டோனோபா என்ற சிற்றூருக்கு அருகே, சுமார் 195 மீட்டர் உயரக் கோபுரம் ஒன்று நிற்கிறது. பெயர் கிரசென்ட் டூன்ஸ். சுற்றிலும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கண்ணாடிகள் சூரியனோடு சேர்ந்து திரும்பி, வெயிலைக் கோபுர உச்சியில் குவிக்கும். அங்கே உருகிய உப்பு 565 டிகிரி செல்சியஸ் வரை சூடேறித் தொட்டிக்கு இறங்கும். அந்தச் சூட்டில் நீராவி எடுத்து இரவிலும் டர்பைனை ஓட்டலாம். 110 மெகாவாட் திறன்.

கேட்கவே ஆசையாக இருக்கிறது. ஆனால் அந்த உப்பு சமையல் உப்பல்ல. சோடியம் நைட்ரேட்டும் பொட்டாசியம் நைட்ரேட்டும் கலந்தது. சூடு 220 டிகிரிக்குக் கீழே போனால் குழாய்க்குள்ளேயே கல்லாக இறுகிவிடும். 2015-ல் மின்சாரம் தரத் தொடங்கிய நிலையத்தில் மறு ஆண்டு அக்டோபரில் சூடான உப்புத் தொட்டி கசிந்தது. கண்ணாடிகளெல்லாம் நன்றாகத்தான் இருந்தன. ஆனாலும் மொத்த நிலையமும் எட்டு மாதம் முடங்கியது. 2019-ல் மின்சாரம் வாங்கிய நிறுவனம் ஒப்பந்தத்தை ரத்து செய்தது. 2020-ல் நிலையம் திவாலானது.

பக்கத்து மாநிலமான கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் வேறு கதை. 1984-லிருந்து 1990-க்குள் அங்கே ஒன்பது நிலையங்கள் எழுந்தன. நீண்ட தொட்டில் போன்ற கண்ணாடிகள், நடுவே எண்ணெய் ஓடும் குழாய். கட்டிய லுஸ் நிறுவனம் 1991-ல் திவாலானது. நிலையங்களோ பல பத்தாண்டுகள் ஓடின. கண்ணாடி உடைந்தது, குழாயை இணைத்த வளையும் ஹோஸ்கள் பழுதாகின. ஹோஸ்களுக்குப் பதில் உருண்டை மூட்டுகளைப் பொருத்தினார்கள். ஒரு வரிசையை நிறுத்திப் பழுது பார்க்கும்போது மற்ற வரிசைகள் ஓடின. என் கணக்கில் அந்த நிலையங்களைக் காப்பாற்றியது இதுதான்.

நம் ஊரில் பரவியிருக்கும் சோலார் பேனல் இதைவிட எளிது. பெரிய நிலையத்தில் ஒரு பேனல் கெட்டால் இழப்பு சொற்பம். அடிக்கடி தொல்லை தருவது இன்வெர்ட்டர்தான். அதைச் சிறுசிறு அலகுகளாகப் பிரித்து வைத்தால், ஒன்று நின்றாலும் மற்றவை ஓடும்.

வீட்டு மாடியில் பெரும்பாலும் ஒரே இன்வெர்ட்டர்தான். அது நின்றால் எல்லாமே நிற்கும். பேனலுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் என்றதும் திருப்தியடைந்துவிடாதீர்கள். இன்வெர்ட்டருக்கு எத்தனை ஆண்டு, பழுதானால் எத்தனை நாளில் ஆள் வருவார் என்பதை எழுதி வாங்கிக்கொண்டு முன்பணம் கொடுங்கள்.