மலையேற்றக் கைமின்விளக்கு

மலையேற்றக் கைமின்விளக்கு என்பது இரவில் மலைப்பாதையில் நடப்பதற்கும் கூடாரம் அடித்துத் தங்குவதற்கும் பயன்படும், மின்கலத்தால் இயங்கும் சிறு விளக்கு ஆகும். பேச்சு வழக்கில் இது டார்ச் லைட் என அழைக்கப்படுகிறது. இவ்விளக்கைத் தேர்ந்தெடுக்கும்போது, அது எவ்வளவு ஒளி தருகிறது என்பதைக் காட்டிலும் அவ்வொளி எவ்வடிவில் பரவுகிறது என்பதே முதன்மையானது. தொலைவில் உள்ள பாறையைக் காட்டும் விளக்கு, காலடியில் உள்ள படியைக் காட்டாமல் போகலாம்.

வரலாறு

உலர் மின்கலத்தைக் கொண்டு இயங்கும் குழாய் வடிவக் கைவிளக்கிற்கு டேவிட் மிசெல் என்பவர் 1899-ஆம் ஆண்டு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். தமிழ்நாட்டில் நீண்ட காலம் புழங்கிய உலோக டார்ச் விளக்குகள், அவற்றில் இடப்படும் மின்கலங்களின் எண்ணிக்கையைக் கொண்டு இரண்டு கட்டை டார்ச், மூன்று கட்டை டார்ச் எனப் பெயர் பெற்றன. இவற்றில் இழை பல்பு பயன்பட்டது. பல வகைகளில் தலைப்பகுதியைத் திருகி ஒளியைக் குவிக்கவோ விரிக்கவோ முடிந்தது. பின்னர் எல்.இ.டி எனப்படும் ஒளியுமிழ் இருமுனையம் இழை பல்பின் இடத்தைப் பெற்றது. அதே மின்னாற்றலில் இது பன்மடங்கு ஒளி தருகிறது. கீழே விழுந்தால் இழை அறுந்துபோகும் இடரும் இதில் இல்லை.

ஒளியின் அளவுகள்

விளக்கின் பெட்டியில் பொதுவாக மூன்று அளவுகள் குறிப்பிடப்படுகின்றன.

- லூமன்: விளக்கு எல்லாத் திசைகளிலும் வெளியிடும் மொத்த ஒளி.
- கண்டெலா: ஒரு குறிப்பிட்ட திசையில் ஒளியின் செறிவு.
- கற்றைத் தொலைவு: ஒளி 0.25 லக்ஸ் அளவாகக் குறையும் தொலைவு. இது ஏறத்தாழ முழுநிலவின் ஒளிக்குச் சமம்.

கைமின்விளக்குகளை ஒரே முறையில் அளப்பதற்கான எஃப்.எல்.1 என்னும் தரம் 2009-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியிடப்பட்டது. இதன்படி கண்டெலா எண்ணின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் கற்றைத் தொலைவு மீட்டரில் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 10,000 கண்டெலா விளக்கின் கற்றைத் தொலைவு 200 மீட்டர் ஆகும். ஆயினும் அத்தொலைவில் நிலவொளி அளவே எஞ்சுவதால், அங்கு ஒரு பொருளைத் தெளிவாக இனங்காண இயலாது.

கற்றையின் வகைகள்

ஆழமான, வழவழப்பான குழி ஆடியைக் கொண்ட விளக்கு ஒளியைக் குறுகிய கற்றையாகக் குவிக்கிறது. இதில் நடுவே பொட்டு போன்ற ஒளிமிகு வட்டமும், அதைச் சுற்றி மங்கலான வட்டமும் தோன்றும். ஆடியின் பரப்பு ஆரஞ்சுத் தோல் போலச் சொரசொரப்பாக இருந்தால் நடுவட்டத்தின் விளிம்பு மென்மையாகும். ஒளியைப் பரப்பும் வில்லை பொருத்தப்பட்ட விளக்கு, அகன்ற, சீரான கற்றையைத் தருகிறது.

தலா 200 லூமன் தரும் இரு விளக்குகளை ஒப்பிடலாம். ஒன்று 10,000 கண்டெலா செறிவும் மற்றொன்று 400 கண்டெலா செறிவும் உடையன எனவும், ஒளி முழுவதும் கூம்பு வடிவில் சீராகப் பரவுகிறது எனவும் கொள்க. முதல் விளக்கின் கற்றைக் கோணம் ஏறத்தாழ 9 பாகை. இரண்டாவதன் கோணம் ஏறத்தாழ 46 பாகை. மூன்று மீட்டர் தொலைவில் முதல் விளக்கின் ஒளிவட்டம் அரை மீட்டர் அகலமே இருக்கும். அதனுள் 1,100 லக்சுக்கு மேற்பட்ட ஒளி விழுவதால் கண் கூசும். வட்டத்திற்கு வெளியே உள்ளவை மேலும் இருண்டு தோன்றும். இரண்டாவது விளக்கின் வட்டம் இரண்டரை மீட்டர் அகலமும் 44 லக்ஸ் ஒளியும் கொண்டிருக்கும். நடப்பதற்கு இவ்வொளி போதுமானது. இரு விளக்குகளின் பெட்டியிலும் 200 லூமன் என்றே அச்சிடப்பட்டிருக்கும்.

படிக்கட்டில் பயன்பாடு

ஆந்திரப் பிரதேச எல்லையை அடுத்த திருத்தணி, முருகனின் அறுபடை வீடுகளுள் ஒன்றாகும். இம்மலைக்கோயிலுக்குச் செல்லும் 365 படிகள் ஆண்டின் நாட்களைக் குறிப்பன எனக் கூறப்படுகிறது. ஆண்டுதோறும் டிசம்பர் 31 அன்று இங்கு திருப்படித் திருவிழா நடைபெறுகிறது. இத்தகைய நீண்ட படிக்கட்டில் மின்தடை ஏற்பட்டால், ஏறுபவரைவிட இறங்குபவருக்கே இடர் மிகுதி. இறங்கும்போது அடுத்த படியின் விளிம்பு எங்கு முடிகிறது என்பது தெரிந்தாக வேண்டும். குறுகிய கற்றை ஓரிரு படிகளை மட்டும் காட்டும். அகன்ற கற்றை பல படிகளையும் பக்கச் சுவரையும் உடன் வருபவரின் கால்களையும் ஒருசேரக் காட்டும்.

விளக்கைப் பிடிக்கும் உயரமும் கருதத்தக்கது. ஒளி கண்ணின் அருகிலிருந்து சென்றால், பொருள்களின் நிழல் அவற்றின் பின்புறம் மறைந்துவிடும். அதனால் மேடு பள்ளம் தட்டையாகத் தோன்றும். இடுப்பளவில் பிடித்த விளக்கின் ஒளியில் படியின் விளிம்பும் கல்லும் நிழலுடன் துலங்கும்.

காட்டுப்பாதையில் பயன்பாடு

கோயம்புத்தூர் மாவட்டத்திலுள்ள வெள்ளியங்கிரி மலைக்குச் செல்லும் பக்தர்கள், பகல் வெப்பத்தைத் தவிர்க்க இரவில் ஏறுவது வழக்கம். ஏழு மலைகளைக் கடக்கும் இப்பாதையில் பலரும் மூங்கில் தடியை ஊன்றிச் செல்கின்றனர். ஒரு கை தடிக்கும் மற்றொரு கை பாறையைப் பற்றுவதற்கும் தேவைப்படுவதால், இங்கு நெற்றி விளக்கு ஏற்றது. நிழல் மறையும் குறையை ஈடுசெய்ய, ஏற்றம் கடினமல்லாத இடங்களில் அதனைக் கழற்றி இடுப்பளவில் பிடிக்கலாம்.

தொலைவு காட்டும் குறுகிய கற்றை தேவையற்றது அன்று. பாதை பிரியும் இடத்தை அறியவும், ஓடையின் மறுகரையைப் பார்க்கவும், வழி தவறியவருக்குச் சைகை காட்டவும் அது உதவும். ஆகவே குழுவாகச் செல்வோர் ஒவ்வொருவரும் அகன்ற கற்றை விளக்கு ஒன்றையும், குழு முழுமைக்கும் குறுகிய கற்றை விளக்கு ஒன்றையும் கொண்டு செல்வது பொருத்தமானது.

மூடுபனியில் வலிமையான ஒளி, நீர்த்துளிகளில் பட்டுச் சிதறிக் கண்ணுக்கே திரும்பி வரும். நெற்றி விளக்கில் இது மிகுதியாக இருக்கும். அந்நேரத்தில் ஒளியைக் குறைத்து, விளக்கைத் தாழப் பிடித்துத் தரையை நோக்கிக் காட்ட வேண்டும்.

ஒளியின் நிறம்

நீலம் கலந்த வெண்ணிற ஒளியில் நிறங்கள் வெளிறித் தோன்றக்கூடும். நிறங்களை உள்ளவாறு காட்டும் திறன் நிறங்காட்டுச் சுட்டெண்ணால் குறிக்கப்படுகிறது. இதன் உயர் எல்லை 100 ஆகும். பழுப்பு நிறக் கண்ணாடி விரியன் காய்ந்த சருகுகளுக்கிடையே எளிதில் புலப்படாது. கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில் நடமாடுவது. எனவே சுட்டெண் மிகுந்த விளக்கைத் தெரிவு செய்வது வீண் செலவு அன்று.

கண் இருளுக்கு முழுமையாகப் பழக ஏறத்தாழ அரைமணி நேரம் ஆகும். வலிமையான ஒளி அப்பழக்கத்தை நொடியில் குலைத்துவிடும். கூடாரத்தினுள் மங்கலான சிவப்பு ஒளியைப் பயன்படுத்தினால் இது பெருமளவு காக்கப்படும்.

மின்கலமும் உறுதியும்

எஃப்.எல்.1 தரத்தில் எரியும் நேரம் என்பது ஒளி தொடக்க அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை உள்ள காலம். எனவே எட்டு மணி நேரம் எனக் குறிக்கப்பட்ட விளக்கு, எட்டு மணி நேரமும் ஒரே அளவில் எரியும் எனக் கொள்ளக் கூடாது. நீர் காப்பில் ஐ.பி.எக்ஸ்.4 என்பது எல்லாப் பக்கத்திலிருந்தும் தெறிக்கும் நீரையும், ஐ.பி.எக்ஸ்.7 என்பது ஒரு மீட்டர் ஆழத்தில் அரைமணி நேரம் மூழ்குவதையும் தாங்குவதைக் குறிக்கும்.

கவனிக்க வேண்டியவை

- புறப்படும் முன் விளக்கை இருட்டில் எரியவிட்டு, மூன்று மீட்டர் தொலைவிலுள்ள சுவரில் ஒளிவட்டத்தின் அகலத்தைப் பார்த்தல் வேண்டும்.
- மாற்று மின்கலங்களையோ மற்றொரு சிறு விளக்கையோ உடன் கொண்டு செல்லல் வேண்டும். கைப்பேசி விளக்கை மட்டும் நம்பினால், அவசர அழைப்பிற்கு மின்சாரம் எஞ்சாமல் போகலாம்.
- எதிரில் வருபவர் முகத்திலோ விலங்குகளின் கண்களிலோ ஒளியைப் பாய்ச்சக் கூடாது.
- பயன்படுத்தாத காலத்தில் மின்கலங்களை வெளியே எடுத்து வைக்க வேண்டும். கசிவு விளக்கைப் பழுதாக்கும்.
- தீர்ந்த மின்கலங்களைக் காட்டில் எறியாமல் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

2018 மார்ச் மாதம் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேற்றக் குழுவினர் பலர் காட்டுத்தீயில் சிக்கி உயிரிழந்தனர். இதையடுத்து அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளை வெளியிட்டது. வனப்பகுதிகளில் வனத்துறையின் அனுமதியும் அது வரையறுக்கும் நேரமும் கட்டாயம் பின்பற்றத்தக்கவை. நல்ல விளக்கு இருப்பது அவற்றுக்கு மாற்றாகாது.