பதநீர் எப்போ கள்ளாகுது? பனை உச்சியில் ஒரு பயோ ரியாக்டர்

'வீட்டிலேயே பீர் செய்வது எப்படி'னு வாளி, ட்யூப், தெர்மாமீட்டர் எல்லாம் வச்சு ஒருத்தர் யூடியூப்ல விளக்கிட்டு இருப்பார். நம்மில் பாதிப் பேராவது அந்த மாதிரி வீடியோ ஒண்ணு பார்த்திருப்போம். அதைப் பார்த்ததும் ரெண்டு கேள்வி வரும். ஒண்ணு, இது எப்படி நடக்குது? இன்னொண்ணு, நாமளும் செய்யலாமா?

ரெண்டாவது கேள்விக்குப் பதில் 'கூடாது'. ஏன்னு பின்னாடி பார்ப்போம். முதல் கேள்விக்குப் பதில் தேடி வெளிநாட்டு வீடியோ பார்க்க வேண்டியதில்லை. திண்டுக்கல்லைத் தாண்டி எந்த ரோட்டில் போனாலும் பனைமரம் கண்ணில் படும். அதோட உச்சியில் கட்டியிருக்கிற கலயத்துக்குள்ள பீர் தொழிற்சாலையில் நடக்கிற அதே வேலை நடக்கக் காத்திருக்கு. அதை நடக்கவிடாமல் தடுத்து, இனிப்பாகவே நம்ம கைக்குக் கொண்டுவர்றாங்க. அதுதான் பதநீர்.

ஈஸ்ட் என்ன செய்யுது?

ஈஸ்ட் ஒரு செல் உயிரி. காற்றிலும், பூவிலும், பழத்தோலிலும் இருக்கும். சர்க்கரை கிடைச்சா சாப்பிடும். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் அந்தச் சர்க்கரையை எத்தனால், கார்பன் டை ஆக்சைடுனு ரெண்டாப் பிரிச்சு, தனக்கு வேண்டிய சக்தியை எடுத்துக்கும். இதுக்குப் பேர்தான் நொதித்தல்.

கணக்காச் சொன்னா, 180 கிராம் குளுக்கோஸ் முழுசா நொதிச்சா சுமார் 92 கிராம் எத்தனாலும் 88 கிராம் கார்பன் டை ஆக்சைடும் கிடைக்கும். பிரெட் உப்புறதும், பீர் நுரைக்கிறதும், கள் பொங்குறதும் இந்த ஒரே சமன்பாடுதான். பிரெட்டில் நமக்கு வேண்டியது வாயு. பீரிலும் கள்ளிலும் ஆல்கஹால்.

பீர்: சர்க்கரையைத் தேடிப் போற வேலை

பீரோட மூலப்பொருள் பார்லி. இதில் ஒரு சிக்கல் இருக்கு. பார்லியில் இருப்பது மாவுச்சத்து. அதை ஈஸ்டால் நேரடியாச் சாப்பிட முடியாது. முதல்ல சின்னச் சின்னச் சர்க்கரையா உடைச்சுக் கொடுக்கணும்.

அதுக்காக பார்லியை ஊற வச்சு முளை கட்டுவாங்க. முளைக்கும்போது தானியத்துக்குள்ள அமைலேஸ் என்கிற நொதிகள் உருவாகும். அப்புறம் காய வச்சு, உடைச்சு, சுமார் 65 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் போல வச்சா, அந்த நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கிடும். முளை கட்டிய கேழ்வரகு மாவில் கஞ்சி வச்சா அது சாதாரணக் கேழ்வரகுக் கஞ்சி மாதிரி கெட்டியாகாது, தண்ணியா இருக்கும். அதுக்கும் இதே அமைலேஸ்தான் காரணம். நம்ம வீட்டில் குழந்தைக்கு ஆக்குற கஞ்சியும் பீர் தயாரிப்போட முதல் படியும் ஒரே அறிவியல்.

அதுக்குப் பிறகு வடிகட்டி, ஹாப்ஸ் பூ போட்டுக் கொதிக்க வச்சு, ஆற வச்சு, ஈஸ்ட் சேர்த்து, ஒன்று ரெண்டு வாரம் விடணும். வாளி, அடுப்பு, தெர்மாமீட்டர் எல்லாம் தேவைப்படுறது இதுக்காகத்தான். பீர் செய்றவரோட வேலையில் பாதி, சர்க்கரையை உண்டாக்குறதிலேயே போயிடும்.

பதநீர்: சர்க்கரையைக் காப்பாத்துற வேலை

பனையில் கதை அப்படியே தலைகீழ். பாளையின் நுனியைச் சீவினா சொட்டுற நீரிலேயே 10 முதல் 13 சதவீதம் வரை சர்க்கரை இருக்கும். பெரும்பகுதி சுக்ரோஸ், அதாவது நம்ம சீனியில் இருக்கிற அதே சர்க்கரை. முளை கட்ட வேண்டாம், கொதிக்க வைக்க வேண்டாம். காற்றில் இருக்கிற ஈஸ்டே தேடி வந்து விழும். வெயிலும் சேர்ந்தா கேட்கவே வேண்டாம், மரத்து மேலேயே நொதித்தல் ஆரம்பிச்சிடும். சும்மா விட்டா சில மணி நேரத்தில் புளிப்பு தட்டி, சாயங்காலத்துக்குள்ள கள்ளாகிடும். மேலும் விட்டா அசிட்டிக் அமில பாக்டீரியா புகுந்து காடியாகும்.

அதனால பனையேறுபவரோட சவால், சர்க்கரையைக் காப்பாத்துறது. அதுக்கு அவர் பயன்படுத்துற ஒரே கெமிக்கல், கலயத்தின் உட்புறம் தடவுற சுண்ணாம்பு. சுண்ணாம்பு தடவின கலயத்தில் சேர்ந்தா பதநீர் (கொங்குப் பக்கம் தெளுவு). தடவாத கலயத்தில் சேர்ந்தா கள். மரம் ஒண்ணு, பாளை ஒண்ணு, வித்தியாசம் ஒரு பூச்சு மட்டும்தான்.

இந்தச் சுண்ணாம்பு, வேதியியலில் கால்சியம் ஹைட்ராக்சைடு. தெளிந்த சுண்ணாம்பு நீரோட பிஹெச் மதிப்பு 12-க்கு மேல. ஈஸ்டுக்குப் பிடிச்சது 4 முதல் 6 வரையிலான அமிலச் சூழல். சுக்ரோஸை உடைச்சுக் கொடுக்கிற இன்வர்டேஸ் நொதியும் 4.5 பக்கம்தான் நல்லா வேலை செய்யும். பதநீர் காரப் பக்கம் நகர்ந்ததும் ஈஸ்டும் சோர்ந்துடும், நொதியும் சோர்ந்துடும். ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்திலேயே நம்ம ஆளுங்க கையில் இருந்த பிஹெச் கன்ட்ரோல் இது.

சுண்ணாம்பு நிரந்தரப் பூட்டு இல்லை. குறைவாப் போட்டாலோ, வெயில் ஏறினாலோ, நேரம் ஆனாலோ நொதித்தல் மெல்ல ஆரம்பிக்கும். பதநீர் காலையிலேயே வித்துத் தீர்றதுக்கும், மிச்சத்தை உடனே காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குறதுக்கும் காரணம் இதுதான்.

ஒரு சின்னக் கணக்கு

12 சதவீதம் சுக்ரோஸ் இருக்கிற ஒரு லிட்டர் பதநீரை எடுத்துப்போம். அதில் 120 கிராம் சர்க்கரை, சுமார் 0.35 மோல். ஒரு மோல் சுக்ரோஸ் முழுசா நொதிச்சா 4 மோல் எத்தனால், 4 மோல் கார்பன் டை ஆக்சைடு.

எத்தனால்: 1.4 மோல், அதாவது சுமார் 65 கிராம். கன அளவில் 82 மில்லி, கிட்டத்தட்ட 8 சதவீதம். இது தியரி உச்சவரம்பு. நிஜத்தில் கொஞ்சம் சர்க்கரை மிச்சமாகும், கொஞ்சம் அமிலமாகும். கள்ளில் பொதுவா 4 முதல் 6 சதவீதம் ஆல்கஹால் இருக்கிறது இதனால்தான். சாதாரண பீரும் இதே அளவுதான்.

வாயு: அதே 1.4 மோல். 25 டிகிரியில் சுமார் 34 லிட்டர்! ஒரு லிட்டர் பாட்டிலுக்குள்ள 34 லிட்டர் வாயு அடங்குமா? பத்தில் ஒரு பங்கு சர்க்கரை நொதிச்சாலே 3.4 லிட்டர் வாயு. ஒரு கூல்டிரிங்ஸ் பாட்டிலில் அடைக்கிற அளவுக்கு வந்துடும். அதுக்கு மேல போனா பாட்டில் தாங்குறதுக்கு எந்த கேரண்டியும் இல்லை. பதநீரை பாட்டிலில் நிரப்பி, மூடியை இறுக்கி, பைக் பெட்டியில் போட்டு மதியம் வரைக்கும் சுத்தாதீங்க. கண்ணாடி பாட்டில்னா இன்னும் ஆபத்து.

பீர் ஆலையிலிருந்து நம்ம சிலபஸுக்கு

இவ்வளவு நேரம் பிஹெச், பிஹெச்னு பேசினோமே, அந்த அளவுகோலே பிறந்தது ஒரு பீர் கம்பெனி ஆய்வகத்தில்தான். டென்மார்க்கின் கோபன்ஹேகனில் உள்ள கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் வேலை பார்த்த சோரன்சென் 1909-இல் அதை அறிமுகப்படுத்தினார். நொதிகள் எந்த அமிலத்தன்மையில் எப்படி வேலை செய்யுதுனு அளக்க அவருக்கு அது தேவைப்பட்டது.

புள்ளியியல் பேப்பரில் வர்ற 'ஸ்டூடன்ட்ஸ் டி டெஸ்ட்' ஞாபகம் இருக்கா? அந்த 'ஸ்டூடன்ட்' டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட். குறைஞ்ச சாம்பிளை வச்சு நம்பகமான முடிவுக்கு எப்படி வர்றதுங்கிறது அவரோட பிரச்சனை. 1908-இல் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் கட்டுரை வெளியிட்டார். உயிருள்ள செல் இல்லாமலே, நசுக்கின ஈஸ்டின் சாறே நொதிக்க வைக்கும்னு 1897-இல் காட்டினவர் எட்வர்ட் புக்னர்; 1907-இல் வேதியியல் நோபல் பரிசு வாங்கினார்.

பீருக்குப் பின்னாடி இத்தனை ஆய்வகம் இருந்தது. பதநீருக்குப் பின்னாடி இருந்தது ஏறுறவரோட கண்ணும் நாக்கும். அதனால அந்த அறிவு சின்னதாகிடாது. எழுதி வைக்கப்படலை, அவ்வளவுதான்.

'அப்போ நாமளே செய்யலாமா?'

கூடாது. தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் மது தயாரிக்கிறது குற்றம். ராஜாஜி ஆட்சியில் 1937-இல் கொண்டுவரப்பட்டு, சேலம் மாவட்டத்தில் முதலில் அமலான மதுவிலக்குச் சட்டம்தான் பல திருத்தங்களோடு இன்னும் இருக்கு. 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்கும் தடை. பக்கத்து மாநிலமான கேரளாவில் உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் உண்டு, இங்கே இல்லை. இந்தத் தடை சரியா தப்பானு விவாதம் நடந்துட்டேதான் இருக்கு, நடக்கட்டும். ஆனா ஹாஸ்டல் ரூமில் வாளி வச்சு சோதிச்சா முடிவை அனுபவிக்கப் போறது நீங்களும் உங்க ரூம்மேட்டும்.

இன்னொரு விஷயம் சட்டத்தை விட முக்கியம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடிச்சு 60-க்கும் மேற்பட்டவங்க இறந்தாங்க. அங்கே உயிரைக் குடிச்சது மெத்தனால். சர்க்கரையை ஈஸ்ட் நொதிக்க வைக்கும்போது அந்த அளவுக்கு மெத்தனால் வராது. அது தொழிற்சாலைக் கரைப்பான். போதைக்காக யாரோ கலக்குறது. நிறத்தாலும் வாசனையாலும் எத்தனாலில் இருந்து பிரிச்சுக் கண்டுபிடிக்க முடியாது. உடம்புக்குள்ள போனதும் ஃபார்மால்டிஹைடாகி, பிறகு ஃபார்மிக் அமிலமாகி, பார்வை நரம்பைத் தாக்கும். இந்த மாற்றத்துக்கு நேரம் ஆகும்ங்கிறதால குடிச்சவுடனே ஒண்ணும் தெரியாது. 12 மணி நேரத்துக்கு அப்புறம்கூட அறிகுறி வரலாம்.

கூட இருக்கிற ஒருத்தன் எங்கேயோ எதையோ குடிச்சிட்டு வந்து, அடுத்த நாள் 'கண்ணு மங்கலாத் தெரியுதுடா, வயிறு வலிக்குதுடா'னு சொன்னா, 'தூங்கினா சரியாயிடும்'னு விடாதீங்க. வார்டனுக்குத் தெரிஞ்சிடும்னும் யோசிக்காதீங்க. 108-க்குக் கூப்பிடுங்க. மாற்று மருந்து இருக்கு. சீக்கிரம் போனாதான் அது பலன் தரும்.

வீட்டில் செய்து பார்க்க

சுண்ணாம்போட சக்தியைப் பார்க்கணும்னா இட்லி மாவே போதும். அரைச்ச உடனே, புளிக்கிறதுக்கு முன்னாடி, ரெண்டு டம்ளரில் பாதிப் பாதி ஊத்துங்க. ஒண்ணில் மட்டும் அரை ஸ்பூன் வெற்றிலைச் சுண்ணாம்பைக் கலக்குங்க. ரெண்டிலும் மாவின் மட்டத்தை மார்க்கர் பேனாவால் குறிங்க. ராத்திரி முழுக்க விட்டு, காலையில் எது எவ்வளவு ஏறியிருக்குனு பாருங்க. லேபில் பிஹெச் பேப்பர் கிடைச்சா அதையும் தொட்டுப் பாருங்க. இட்லி மாவைப் பொங்க வைக்கிறது பெரும்பாலும் பாக்டீரியா. ஆனா பாடம் ஒண்ணுதான். சுண்ணாம்பு கண்ணில் படாம பார்த்துக்கோங்க. அந்த டம்ளர் மாவைச் சாப்பிடாதீங்க, கொட்டிடுங்க.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை

இவ்வளவு படிச்சாச்சு, இனி குடிக்கிறதுதான் பாக்கி. வெயில் ஏறுற மாதங்கள்தான் சீசன். நாலு பேர் சேர்ந்து விடிய முன்னாடி கிளம்புங்க. ஊருக்கு வெளியே ரோட்டோரத்தில் பானையோட உட்கார்ந்திருக்கிறவரைப் பார்த்தா வண்டியை நிறுத்துங்க. 'அண்ணே, இன்னைக்குக் காலையில இறக்கினதா? சுண்ணாம்பு போட்டதுதானே?'னு கேளுங்க. பனையோலைப் பட்டையில் வாங்கி, ரெண்டு மாங்காய்த் துண்டோ நுங்கோ போட்டுக் குடிங்க. நல்ல பதநீரில் இனிப்போட சுண்ணாம்பின் லேசான மணமும் இருக்கும். நுரை பொங்கி, நாக்கில் சுருக்குனு இருந்தா நொதித்தல் ஆரம்பிச்சிடுச்சுனு அர்த்தம். கணக்கு இப்போ உங்களுக்கே தெரியும்.

வயிறு நிறைஞ்சதும் மலைக்கோட்டை ஏறலாம். மேலேருந்து பார்த்தா ஊரும், சிறுமலையும், சுத்தியிருக்கிற சமவெளியும் தெரியும். இல்லைன்னா கொண்டை ஊசி வளைவுகளில் நிதானமா சிறுமலைக்கே போகலாம். ஹெல்மெட்டை மறக்காதீங்க, பிளாஸ்டிக்கைத் திருப்பி எடுத்துட்டு வாங்க.

பனை தமிழ்நாட்டின் மாநில மரம். விதை போட்டா பாளை விட பத்துப் பதினைஞ்சு வருஷத்துக்கு மேல ஆகும். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேணும்னு 2021-இல் அரசு அறிவிச்சது. மரத்தைக் காப்பாத்த அது உதவும். ஆனா ஒரே மரத்தில் தினமும் ரெண்டு வேளை ஏறி இறங்குற வேலைக்கு அடுத்த தலைமுறை வரணும்னா, அதில் பிழைப்பு இருக்கணும். பதநீர் சில மணி நேரம்தான் தாங்கும். அதுக்குள்ள வாங்குறதுக்கு ஆள் வேணும். ஏறுறதுக்குப் பாதுகாப்பான கருவி, குளிர வச்சு ரெண்டு நாள் தாங்க வைக்கிற முறை, கலயத்திலேயே பிஹெச் காட்டுற ஒரு மலிவான சென்சார்... இறுதியாண்டு புராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடுற சீனியர்கள் கொஞ்சம் அண்ணாந்து பார்க்கலாம்!