உங்களுக்குத் தெரியுமா? பழைய மடிக்கணினிக்குப் புத்துயிர்

2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் பயனாகவே, விழுப்புரம், திண்டிவனம் முதலிய ஊர்களின் எளிய இல்லங்கள் பலவற்றில் கணினி முதன்முதலாகப் பிரவேசித்தது.

அவ்வாறு வந்த மடிக்கணினி மந்தகதி அடைந்துவிட்டதென்று புதியது வாங்கத் துணிவோர், பழைய மடிக்கணினிகளில் சாதாரணமாகக் காணப்படும், நிமிஷத்துக்கு 5400 முறை சுழலும் ஹார்டு டிஸ்க் ஒரு சுற்றை முடிக்கவே ஏறக்குறைய 11 மில்லி விநாடி பிடிக்க, சுழலும் உறுப்பே இல்லாத எஸ்.எஸ்.டி. அதில் நூற்றிலொரு பங்கு காலத்திலேயே தகவலை எடுத்துத் தந்துவிடும் என்பதைச் சிந்தித்தல் நலம். ஆதலின், சொற்பச் செலவில் ஹார்டு டிஸ்க்கை எஸ்.எஸ்.டி.யாக மாற்றுவதே பிரதான உபாயம். ரேமைக் கூட்டுவது அடுத்தது.

ஆயினும், 1.5 வோல்ட்டுக்குரிய டி.டி.ஆர்.3 ரேமின் ஸ்தானத்தில் 1.2 வோல்ட் டி.டி.ஆர்.4 பொருந்தாதாகையால், கடைக்குச் செல்லுமுன் பழைய ரேமின்மேல் ஒட்டியுள்ள சீட்டை வாசித்துக்கொள்ளுதல் அவசியம்.