பழந்துப்பாக்கியின் நிறமும் நிறங்காக்கும் பூச்சும்

இரும்புக்குப் பகை நீர் என்பது யாவரும் அறிந்ததே. ஆயினும் பழைய துப்பாக்கிகளை மிகுதியாகக் கெடுப்பது மழைநீர் அன்று. காற்றில் கலந்து கண்ணுக்குப் புலப்படாமல் நிற்கும் ஈரமே. ஜொகூர் மாநிலத்தில், கூலாய் மாவட்டத்தைச் சேர்ந்த செடெனாக்கில் இதனை நன்கு உணரலாம். நிலநடுக்கோட்டுக்கு 2 பாகைக்குள் அமைந்த இவ்வூரில் வறண்ட பருவம் என்று சொல்லத்தக்கது இல்லை. மலேசியாவில் காற்றின் ஈரப்பதம் மாதச் சராசரியில் நூற்றுக்கு 70 முதல் 90 வரை இருக்கும். மாசு கலந்த காற்றில் ஈரப்பதம் ஏறத்தாழ 60-ஐத் தாண்டியதும் இரும்பு துருப்பிடிக்கும் வேகம் திடீரென உயர்கிறது என்பதை ஆங்கில அறிஞர் வெர்னன் 1930-களில் ஆய்ந்து காட்டினார். விரல் பட்ட இடத்தில் வியர்வையின் உப்புத் தங்கிவிட்டால் அதனினும் குறைந்த ஈரமே போதும்.

தோட்டத் துரைமார் காட்டுப் பன்றிக்காக வைத்திருந்த இரட்டைக்குழல் துப்பாக்கி வகைகளில் காக்க வேண்டிய நிறங்கள் இரண்டு. குழலின் பழுப்பு அல்லது கருநீலம் ஒன்று. இது வேடிக்கையான நிறம். ஏனெனில் இதுவும் துருவே! குழலுக்கு வேண்டுமென்றே செந்துரு ஏற்றி, தளர்ந்த தூளைத் தேய்த்து நீக்கி, இதனையே பன்முறை செய்தால் பழுப்பு நிறம் வருகிறது. ஒவ்வொரு முறையும் கொதிநீரில் இட்டால் செந்துரு கருந்துருவாக மாறிக் கருநீலம் தோன்றும். மற்றொன்று பூட்டுப் பகுதியில் மேகம் போலப் படர்ந்த நீலமும் சாம்பலும் பழுப்பும். இரும்பை எலும்புக்கரியோடும் மரக்கரியோடும் பெட்டியில் அடைத்துக் காய்ச்சி நீரில் கொட்டுங்கால் இது பிறக்கிறது. இந்த வண்ணப்படலம் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கைவிட மெல்லியது. ஆகவே கைபட்டே தேய்ந்துபோகும். மீண்டும் அதே நிறம் வேண்டின் பூட்டு முழுவதையும் உலையில் இட வேண்டும். அப்போது உறுப்புகள் கோணி, இணைப்புகள் பொருந்தாமற் போவதுண்டு. பழையது போனால் போனதுதான்.

எனவேதான் துப்பாக்கி செய்தோரில் சிலர் அந்நாளிலேயே இவ்வண்ணத்தின் மேல் தெளிந்த வார்னிஷ் பூசினர். எந்தப் பூச்சு நல்லது என்பதில்தான் சிக்கல். அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசுவது பழைய முறை. அரக்கு நம் நாட்டுப் பூச்சி தரும் பொருள். ராஞ்சிக்கு அருகே நாம்கும்மில் 1924-ல் அதற்கென்றே ஓர் ஆய்வு நிலையம் அமைந்தது. ஆயினும் ஈரம் பட்டால் அரக்கு வெண்மை பூத்துவிடும். செடெனாக்குக்கு அது ஏற்றதன்று. நைட்ரோ செல்லுலோஸ் லாக்கர் நாளடைவில் மஞ்சளாகும். பாலியுரித்தேன் உறுதியானது, ஆனால் பின்னர் அதனை எடுக்க முயன்றால் வண்ணமும் உடன் வந்துவிடக் கூடும். அருங்காட்சியகங்களில் பயன்படும் பாராலாய்ட் பி-72 என்னும் அக்ரிலிக் பிசினோ அசிட்டோனில் கரைந்து நீங்கும். பிரிட்டிஷ் அருங்காட்சியக ஆய்வுக்கூடத்தில் 1950-களில் உருவான நுண்படிக மெழுகும் அவ்வாறே மென்மையாக நீக்கத்தக்கது.

பூச்சைவிட அதற்கு முன் செய்யும் வேலையே பெரிது. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-ல் தொடங்கிய வேதியியல் ஆய்வுக்கூடத்தில் எஸ். பரமசிவன் பழைய செப்புத் திருமேனிகளின் களிம்பை மின்பகுப்பு முறையால் நீக்கினார். உலோகத்தினுள் உப்பு இருக்கும்வரை மேலே எதைப் பூசினாலும் உள்ளே அரிப்பு நில்லாது. இரும்புக்கும் இது பொருந்தும். பழைய எண்ணெய்ப் பிசுக்கை ஸ்பிரிட்டால் துடைத்து, கையுறை அணிந்து, இளஞ்சூட்டில் ஈரம் போக உலர்த்தி, மெல்லியதாகப் பூச வேண்டும். தடித்த பூச்சு பளபளத்துப் பொம்மை போலத் தோன்றுவதோடு, ஓரிடத்தில் கீறினாலும் ஈரம் அதன்கீழ் நுழைந்து புழு ஊர்ந்த கோடு போலத் துருவைப் பரப்பும். ஆகையால் அசையாத, அடிக்கடி தொடாத பூட்டுக்குப் பிசின் பூச்சும், கைபடும் குழலுக்கு மெழுகுமே இவ்வூருக்கு ஏற்றவை. மெழுகு தேய்ந்த இடம் உடனே தெரியும். அங்கு மட்டும் மீண்டும் பூசிவிடலாம்.

இரும்பையும் எஃகையும் முறுக்கிச் சுற்றிப் பற்றவைத்த டமாஸ்கஸ் குழல்களின் வரியழகைப் பூச்சு காக்கும். ஆனால் அவற்றின் வலிமையைக் கூட்டாது. இக்காலப் புகையில்லா மருந்துத் தோட்டாவை அவற்றில் இட்டுச் சுடுவது பேராபத்து. இன்னொன்று: தோல் உறை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பதனிட்ட தோலில் அமிலமும் உண்டு. ரப்பர்ப்பாலை உறையவைக்க ஃபார்மிக் அமிலம் ஊற்றும் கொட்டகைக்கு அருகிலும் துப்பாக்கியை வைத்தல் ஆகாது. காற்றுப் புகாத பூட்டிய பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு வைப்பதே நலம். மணிகளை மாதம் ஒருமுறை அடுப்பிற் காயவைத்து மீண்டும் இடலாம்.