சோடா வணிகமும் ஊர்க்கடனும்

கோடையில் தண்ணீர்ப்பந்தல் அமைத்து வழிப்போக்கருக்கு நீரும் மோரும் வழங்குதல் நம் தாமிரபரணி நாட்டில் தொன்றுதொட்டு வரும் அறம். அதே தாகத்தைக் காசுக்குத் தீர்ப்பது சோடா வணிகம். இவ்வறமும் இவ்வணிகமும் ஓரிடத்தே பொருந்துமோ என்பதை ஈண்டுச் சிறிது ஆராயப் புகுகின்றோம்.

இன்று விருதுநகர் எனப்படும் விருதுபட்டி, 1910 வரை நம் திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்திருந்த ஊர். அங்கே 1916இல், ஐரோப்பாவில் பெரும்போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், பி. வி. எஸ். கே. பழனியப்ப நாடார் என்பார் சோடாத் தொழிலைத் தொடங்கினார். காளிமார்க் என்னும் பெயர் அவ்வாறு எழுந்ததே. கரியமில வாயுவை நீரிற் கலக்கும் வழியை 1767இல் பிரீஸ்ட்லி என்னும் ஆங்கில அறிஞர் கண்டார். அதனை அடைத்து வைக்கும் கோலிப்புட்டிக்கு 1872இல் ஹைரம் காட் என்பவர் தனியுரிமை பெற்றார்.

அப்புட்டியின் கழுத்தில் ஒரு கண்ணாடிக் கோலியும் ஒரு ரப்பர் வளையமும் உண்டு. தலைகீழாய்க் கவிழ்த்து நிரப்புங்கால், வாயுவின் அழுத்தம் கோலியை வளையத்தோடு இறுக்கிவிடும். வேறு மூடி வேண்டா. ஆயினும் கனத்த கண்ணாடியாலாகிய புட்டி, உள்ளிருக்கும் நீரினும் விலை மிக்கது. குடித்தபின் அது திரும்பி வந்தே ஆகவேண்டும். ஆதலின் சோடாவை நெடுந்தூரம் அனுப்புதல் கட்டுபடியாகாது. ஊர்தோறும் ஒரு சோடாக் கம்பெனி தோன்றியதற்கு இதுவே காரணம். விற்போரும் வாங்குவோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாழ நேர்ந்தது.

இவ்வாறு ஊரோடு கட்டுண்ட வணிகர்க்குப் பொருந்திய ஏற்பாடு ஒன்று விருதுநகரில் இருந்தது. மகமை என்பது அதன் பெயர். விற்கும் சரக்கின் அளவுக்கேற்பச் சிறு தொகையைப் பொதுநிதிக்கு ஒதுக்குதலே அது. இலாபம் பெருகியபின் மனமிரங்கிக் கொடுப்பதன்று, கணக்கெழுதும்போதே கழிப்பது. இத்தகைய பொதுப்பணத்தாலும், வீடுதோறும் திரட்டிய பிடி அரிசியாலும் அவ்வூர் க்ஷத்திரிய வித்தியாசாலை நடைபெற்றது. 1903இல் பிறந்த காமராசர் அங்கே பயின்றவர் என்பதை யாவரும் அறிவர்.

அமெரிக்காவில் நிகழ்ந்ததையும் ஒப்புநோக்குவோம். 1899இல் தாமஸ், ஒயிட்ஹெட் என்னும் வழக்கறிஞர் இருவர், கோகோ கோலாவைப் புட்டியில் அடைத்து விற்கும் உரிமையை ஒரே டாலருக்குப் பெற்றனர். 1906இல் ஒயிட்ஹெட் மறைய, அவர் மனைவியார் லெட்டி பேட் அத்தொழிலை ஏற்று நடத்தினார். அவர் பெயரால் 1946இல் நிறுவப்பட்ட அறநிலையம் பெண்களின் கல்விக்கு இன்றும் பொருளுதவி செய்கின்றது. அது பெருஞ்செல்வம் திரண்டபின் விளைந்த அறம்; மகமையோ சிறு கடைக்காரரும் நாள்தோறும் செய்தது.

1993இல் பார்லே கம்பெனி தன் பானங்களைக் கோகோ கோலாவுக்கு விற்றது. காளிமார்க்கோ, 1950களின் இறுதியில் தோன்றிய தன் பொவொண்டோவுடன், நூற்றாண்டு கடந்தும் நிலைத்தது. இதற்கிடையே கோலிப்புட்டி அருகி, திரும்பி வாராத பிளாஸ்டிக் புட்டி பெருகிற்று. 2016 நவம்பரில், கங்கைகொண்டான் குளிர்பானத் தொழிற்சாலைகளுக்குத் தாமிரபரணி நீர் வழங்குவதற்கு உயர்நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. 2017 மார்ச்சில் வழக்குகளைத் தள்ளுபடி செய்தது. நீர் எடுக்கலாமோ என்பதற்கு நீதிமன்றம் விடை கூறிற்று. எடுத்தவர் ஊருக்கு யாது திருப்பித் தருவது என்னும் வினா அதனினும் பெரிது.

நம் மாணவருள் வணிகம் புகுவோர் பலர் உளர். அன்னார் தம் முதற்கணக்கின் முதற்பக்கத்திலேயே ஊருக்குரிய பங்கை எழுதிக் கழிப்பாராக. செல்வம் சேர்ந்தபின் பார்ப்போம் என்பார்க்கு அந்நாள் எளிதில் வருவதில்லை.