எக்ஸ் கதிரில் பார்த்த வானம்

விண்வெளித் தொலைநோக்கி என்றால் நட்சத்திரங்களுக்குப் பக்கத்தில் போய்ப் பார்ப்பது என்றுதான் படித்தவர்கள்கூட நினைக்கிறார்கள். கல்லூரியில் இயற்பியல் நடத்திய காலத்திலும் சரி, ஓய்வு பெற்ற பிறகும் சரி, இந்த எண்ணத்தோடு மல்லுக்கட்டுவதே என் வேலையாக இருக்கிறது. ஹப்பிள் தொலைநோக்கி சுற்றுவது சுமார் 500 கிலோமீட்டர் உயரத்தில். சென்னையிலிருந்து கன்னியாகுமரி அதைவிடத் தூரம். சூரியனை விட்டால் நமக்கு மிக அருகிலுள்ள நட்சத்திரமே நாலு ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கிறது. இந்த 500 கிலோமீட்டர் எந்த மூலைக்கு?

மேலே போவது காற்றிலிருந்து தப்பிக்கத்தான். வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக மலையேறி, மாணவர்களைக் காவலூர் வானாய்வகத்துக்குக் கூட்டிப்போவது என் வழக்கம். 2.34 மீட்டர் ஆடி கொண்ட பெரிய தொலைநோக்கி அங்கே இருக்கிறது. மேகம் மூடிவிட்டால் அதுவும் சும்மா இருக்க வேண்டியதுதான். வானம் தெளிவாக இருந்தாலும் காற்றின் அலைச்சல் நட்சத்திரத்தின் உருவத்தைக் கலைத்துவிடும். நாம் ‘மின்னுகிறது’ என்று ரசிப்பது வானியலாளருக்குத் தலைவலி.

அதைவிடப் பெரிய சிக்கல், சில வகைக் கதிர்கள் தரைக்கு வந்தே சேர்வதில்லை. எக்ஸ் கதிர், புற ஊதாவில் பெரும்பகுதி, அகச்சிவப்பில் பல பகுதிகள் என எல்லாவற்றையும் காற்று விழுங்கிவிடும். எக்ஸ் கதிரை அது தடுப்பதால்தான் நாம் பிழைத்துக் கிடக்கிறோம். ஆனால் அதனாலேயே எக்ஸ் கதிர் வானம் வெகுகாலம் நம் கண்ணுக்கு மறைந்திருந்தது. 1962இல் ரிக்கார்டோ ஜக்கோனியின் குழு ராக்கெட்டில் ஒரு கருவியை ஏற்றிச் சில நிமிடங்கள் மேலே அனுப்பியது. விருச்சிக மண்டலத்திலிருந்து எக்ஸ் கதிர் கொட்டுவது அப்போதுதான் தெரிந்தது. ஜக்கோனிக்கு 2002இல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த வழியில் வந்ததுதான் ‘சந்திரா’ எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி. 1999 ஜூலை 23 அன்று கொலம்பியா விண்ணோடம் அதைச் சுமந்து சென்றது. அந்தப் பயணத்துக்குத் தலைமை ஏற்றவர் ஐலீன் காலின்ஸ். விண்ணோடப் பயணம் ஒன்றுக்குத் தலைமை தாங்கிய முதல் பெண். சந்திராவின் பாதை நீள்வட்டம். நிலவுக்குள்ள தூரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்த் திரும்பும். ஒரு சுற்றுக்குச் சுமார் 64 மணி நேரம்.

இதன் ஆடியைத்தான் வகுப்பில் விரிவாக நடத்துவேன். எக்ஸ் கதிர் சாதாரண ஆடியில் நேராக விழுந்தால் திரும்பாது, உள்ளே புகுந்துவிடும். குளத்தில் ஓட்டாஞ்சில்லை நேராகப் போட்டால் மூழ்கும். படுக்கைவாட்டில் விட்டெறிந்தால் தத்தித் தத்திப் போகும் அல்லவா, அதே சூட்சுமம்தான் இங்கும். சந்திராவின் ஆடிகள் உருளை வடிவில், ஒன்றுக்குள் ஒன்றாக, நாலு ஜோடி. உட்புறம் இரிடியம் பூச்சு. கதிர்கள் அந்தச் சுவரை உரசினாற்போல் போய், 10 மீட்டர் தள்ளிக் குவிகின்றன. சில அணுக்களின் உயரத்துக்கு மேல் மேடுபள்ளம் இல்லாதபடி அந்தச் சுவரைத் தேய்த்து வழவழப்பாக்கியிருக்கிறார்கள்.

உழைப்புக்குப் பலன் உடனே கிடைத்தது. சுமார் 11,000 ஒளியாண்டுத் தொலைவில், வெடித்துச் சிதறிய நட்சத்திரத்தின் மிச்சம் ‘காசியோப்பியா ஏ’. சிதறல்கள் முன்பே தெரியும். நடுவில் என்ன எஞ்சியது என்பதுதான் தெரியவில்லை. சந்திரா எடுத்து வெளியான முதல் படத்தில் நட்டநடுவே ஒரு புள்ளி இருந்தது. அது நியூட்ரான் நட்சத்திரம். சூரியனைவிட அதிகப் பொருள் ஒரு நகர அளவுக்குள் நசுங்கிக் கிடக்கிறது.

‘நம்மவர் பெயர் வைத்திருக்கிறார்கள்’ என்று பெருமைப்பட்டுக்கொள்வதோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். சந்திரா என்ற பெயருக்கு உரிய சுப்பிரமணியன் சந்திரசேகர் என்ன செய்தார் என்றால் பதில் வராது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்து, 1930இல், 19 வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலேறியவர். போகிற வழியிலேயே ஒரு கணக்கைப் போட்டார். எரிபொருள் தீர்ந்த நட்சத்திரம் வெண்குறுமீனாக அடங்கிக் கிடக்க ஓர் எல்லை உண்டு என்றது கணக்கு. சூரியனின் நிறையைப் போல் சுமார் 1.4 மடங்குதான் அந்த எல்லை. அதைத் தாண்டினால் தன் எடையைத் தானே தாங்காமல் நொறுங்கும். 1935இல் பிரபல வானியலாளர் எடிங்டன் அதை அறிஞர் சபையிலேயே எள்ளி நகையாடினார். 1983இல் நோபல் வந்தது. 1995இல் சந்திரசேகர் மறைந்தார். அந்த எல்லை தாண்டி நொறுங்கியவை நியூட்ரான் நட்சத்திரங்களாகவும் கருந்துளைகளாகவும் ஆகின்றன. அவற்றை நோக்கி விழும் பொருள் கோடிக்கணக்கான டிகிரி சூடேறி எக்ஸ் கதிரை உமிழ்கிறது. சந்திரா தேடுவதும் அதைத்தான். இதைவிடப் பொருத்தமாக யார் பெயரை வைப்பது?

ஒரே கருவி எல்லாம் பார்த்துவிடாது. 2021இல் சென்ற ஜேம்ஸ் வெப், 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளிக் கடுங்குளிரில் நின்று அகச்சிவப்பைப் பிடிக்கிறது. 2015இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட நம் அஸ்ட்ரோசாட் புற ஊதாவையும் எக்ஸ் கதிரையும் ஒரே சமயத்தில் பார்க்கும்படி வடிவமைக்கப்பட்டது. தரையிலுள்ள தொலைநோக்கிகளின் துணையும் இவற்றுக்கு வேண்டும்.

ஐந்தாண்டுக்கென்று அனுப்பிய சந்திரா கால் நூற்றாண்டைத் தாண்டியும் உழைத்தது. அது சேர்த்த தரவுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அஸ்ட்ரோசாட் தரவும் அப்படியே. ‘நம்ம காலேஜில் டெலஸ்கோப் இல்லையே சார்’ என்று வருகிற பிள்ளைகளிடம் நான் சொல்வது இதுதான்: ஒரு லேப்டாப்பும் கொஞ்சம் பைத்தான் நிரலும் போதும், காசியோப்பியா ஏ தரவை இன்று ராத்திரியே இறக்கிக்கொள், நாளைக்கு வந்து சந்தேகம் கேள்.